மாப்பிள்ளைக் கொசு

கொசுவுக்கு மாப்பிள்ளை அழைப்பு நடத்திய ஊர் உலகத்திலேயே எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். சொன்னால் சிரிப்பார்கள். நானும் அன்று சிரித்தவள்தான், அதனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் பிறந்து வளர்ந்தது சேலம் டவுன். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்துவிட்டு, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் காவிரியை ஒட்டிய ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால். வரிசைக்கு வரிசை நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்த ஈரம் இல்லாவிட்டால் வெற்றிலை வாடிப்போகும். வெற்றிலைக்கு எது சுகமோ அதுவேதான் கொசுவுக்கும் சுகம். விளக்கு வைக்கிற நேரத்தில் வாயைத் திறந்து பேசினால் ஒன்றிரண்டு உள்ளே போய்விடும். கல்யாணமான புதிதில் நான் அழுததெல்லாம் கொசுவுக்காகத்தான். மாமியாருக்காக அழுதது அதற்கப்புறம்.

என் கணவருக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத் திரும்புவார். அவர் பேச்சில் பாதி லாரிப் பேச்சுதான். குழந்தை சாப்பிட மறுத்தால் "லோடு ஏறமாட்டேங்குது" என்பார். என் அம்மா ஊரிலிருந்து வெறுங்கையோடு வந்துவிட்டால் "காலி வண்டி வந்திருக்குது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார். எங்களுக்கு ஒரே மகள். அப்போதுதான் ஓடிப் பழகியிருந்தாள், வாய் மட்டும் ஊருக்கே கேட்கும்.

ஒரு நாள் ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். கொசு ஒழிப்புத் திட்டம், சர்க்கார் திட்டம் என்று மைக்கில் சொன்னார்கள். நாங்கள் மருந்து அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சோற்றுப் பானையை எல்லாம் மூடி வைத்தோம். மருந்தெல்லாம் கிடையாது என்றார்கள். கொசுவைக் கொண்டுவந்து விடப் போகிறார்களாம். கூட்டத்தில் ஒரு பெரியவர், "எங்ககிட்ட இருக்கறது போதாதுங்களா, வேணும்னா நீங்க மூட்டை கட்டி எடுத்துட்டுப் போங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜீப்பில் வந்த பெரிய ஆபீசர் கோபப்படாமல் விளக்கினார். கொண்டுவருவது எல்லாம் ஆண் கொசு. ஆண் கொசு கடிக்காது. அதற்கு ரத்தம் தேவையே இல்லை. இந்த ஆண் கொசுக்களைப் பிள்ளை உண்டாகாதபடி மாற்றி வைத்திருக்கிறார்கள். இது போய் உள்ளூர்ப் பெண் கொசுவோடு சேர்ந்தால் அது இடுகிற முட்டை பொரிக்காது. அப்படியே வம்சம் அற்றுப்போகும். இதுதான் அவர் சொன்னது.

அவ்வளவுதான், எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வெளியூரிலிருந்து ஜீப்பில் வருகிறவன், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டப் போகிறவன், அவன் மாப்பிள்ளை அல்லாமல் வேறு யார்? அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளைக் கொசு என்று பெயர் விழுந்தது. முதல் முறை கொசுக் கூண்டுகள் வந்து இறங்கிய அன்று என் பக்கத்து வீட்டுக்காரி மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தித் தட்டோடு போய் நின்றாள். வலைத் துணிக் கூண்டுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, தட்டில் காசு போட்டால்தான் வழி விடுவேன் என்று பெரிய ஆபீசரையே மடக்கினாள். அவரும் சிரித்துக்கொண்டே போட்டார். பஞ்சாயத்துத் தலைவர் கூண்டுக்கு மாலை போட்டார். பிள்ளை உண்டாகாத மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று ஒருத்தி கேட்க, பெண்கள் கூட்டத்தில் எழுந்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், யாரும் எங்களை மிரட்டவில்லை. நாங்களே ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிக்கொண்டோம்.

திட்டத்துக்கு வேலை பார்க்க வந்தவர்களில் ஒரு பையன் எங்கள் வீட்டு முன் அறையில் குடிவந்தான். பையன் என்றா சொன்னேன்? இருபத்தைந்து வயது இருக்கும். ராசிபுரத்துக்காரன், பட்டு நெசவு செய்கிற குடும்பம், விலங்கியல் பட்டம் வாங்கியவன். என்னை அக்கா என்பான், என் கணவரை மாமா என்பான். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு தூக்குப்போசியில் நெய் கொண்டுவருவான். "உங்க ஊட்டுச் சாப்பாடு சாப்புட்டு எங்கம்மா சமையலே மறந்துபோச்சுங்கக்கா" என்று என் தலையில் ஐஸ் வைப்பான். ஊரில் எல்லாருக்கும் அவன் கொசுத்தம்பி. என் மகள் அவன் தோளை விட்டு இறங்கமாட்டாள்.

ஆண் கொசுவுக்கு மீசை புசுபுசுவென்று இருக்கும், பெண் கொசுவுக்கு இருக்காது என்று பூதக்கண்ணாடியில் எனக்குக் காட்டியவன் அவன்தான். கூண்டிலிருந்து விடுவதற்கு முன்னால் கொசுக்கள் மேல் ஒரு வர்ணப் பொடியைத் தூவுவார்கள். ரோஸ் நிறம், ஹோலிப் பொடி மாதிரி பளீரென்று இருக்கும். காலையில் மாட்டுக் கொட்டகைச் சுவரிலும் வீட்டு மூலையிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பிடித்துப் பார்ப்பார்கள். ரோஸ் பொடி ஒட்டியிருந்தால் அது அவர்கள் விட்டது. எத்தனை தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். "மாப்பிள்ளைக்குப் பவுடர் போடாம எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்று நான் கேட்டதற்கு அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்படியே சில மாதம் போயிற்று. கொசு குறைந்ததா என்றால் எனக்குத் தெரிந்து குறையவில்லை. ஆனால் ஊர் அவர்களோடு பழகிவிட்டது. நானும்தான்.

ஒரு சாயங்காலம், வாசலில் பாயைப் போட்டு மகளுக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் கன்னத்தில் ஒரு கொசு. கொழுத்துப் போய் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இடது கையால் ஒரு தட்டு தட்டினேன். கையை எடுத்துப் பார்த்தால் ரத்தம். அது ஒன்றும் புதிதில்லை, கொசுவை அடித்தால் ரத்தம் வரத்தான் செய்யும். ஆனால் ரத்தத்தைச் சுற்றி ரோஸ் நிறம். அவள் கன்னத்திலும் கொஞ்சம் ரோஸ். விரலால் தேய்த்துப் பார்த்தேன். பொடிதான்.

அந்த நிமிஷம் எனக்கு எதுவும் ஓடவில்லை. சோற்றுக் கை அந்தரத்தில் நிற்கிறது, குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. பொடி இருந்தால் அது அவர்கள் விட்ட கொசு. அவர்கள் விட்டது எல்லாம் ஆண் கொசு. ஆண் கொசு கடிக்காது. அப்படியானால் இதன் வயிற்றில் என் மகளின் ரத்தம் எப்படி வந்தது? எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் ஒரே விடைதான். அவர்கள் விட்டதில் பெண் கொசு இருக்கிறது. மைக் போட்டு ஊருக்கே சொன்னது பொய்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன் அறைக் கதவைத் தட்டினேன். கொசுத்தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். கையை விரித்துக் காட்டினேன்.

"என்னுங்கக்கா, அடிபட்டுருச்சா?"

"நல்லாப் பாருங்க தம்பி. இது உங்க மாப்பிள்ளை. பாப்பாளக் கடிச்சிருக்குது."

அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். "பொடி வேற எதுலயாச்சும் ஒட்டியிருக்குமுங்கக்கா. என் சட்டைல கூட இருக்குமுங்க."

"அவ கன்னத்துல உக்காந்திருந்தத நானே அடிச்சேன். வயித்துல ரத்தம் இருக்குது. உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

அவன் என் கையைப் பார்த்தான். மகளின் கன்னத்தைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போன விதம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அவனுக்கும் தெரியாது. அது மட்டும் அந்த முகத்தில் நிச்சயமாகத் தெரிந்தது. "நாளைக்கு ஆபீசுல கேட்டுட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட வராமல் கதவைச் சாத்திக்கொண்டான். நான் அடிபம்புக்குப் போய்க் கையைக் கழுவினேன். குழந்தையின் முகத்தையும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அவள் கத்தினாள், நானும் கூடச் சேர்ந்து அழுதேன். கையைக் கழுவியிருக்கக் கூடாது என்று பிறகுதான் புரிந்தது. ஆதாரத்தை அடிபம்புத் தண்ணீரில் விட்டவளை எந்த ஆபீசர் மதிப்பான்?

மறுநாள் மாலை அவன் வந்தான். நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். குரலைத் தணித்துச் சொன்னான். கொஞ்ச நாளாக விடுகிறதில் பெண் கொசுவும் கலந்திருக்கிறதாம். தவறிப்போய்க் கலந்ததில்லை, வேண்டுமென்றேதான். விட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பறக்கிறது, எத்தனை வீட்டுக்குள் போகிறது, எத்தனை பேரைக் கடிக்கிறது என்று பார்ப்பதற்காக. ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லவில்லையாம்.

"கடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாதுங்கக்கா. அதுல நோய் நொடி எதுவும் கிடையாதுங்க. எல்லாம் காலிக் கொசுங்க."

அவன் எனக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னான். எனக்கும் அப்போது கொஞ்சம் மூச்சு வந்தது உண்மை. காலிதானே, உள்ளே ஒன்றும் இல்லைதானே என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். மகள் துள்ளிக்கொண்டுதான் இருந்தாள். கன்னத்தில் ஒரு சின்னத் தடிப்பு, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவருக்குச் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டார். "அதான் காலின்னு சொல்லிட்டான்ல, உடு புள்ள" என்றார். காலி என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதும் எனக்குள் ஏதோ இடறியது. அந்தச் சொல்லை அவர் வாயில் நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். பாடி கட்டி முடித்ததும் லாரியை உடனே சொந்தக்காரரிடம் கொடுத்துவிட மாட்டார்கள். சேலம் ரோட்டில் கொஞ்ச தூரம் காலியாக ஓட்டிக்கொண்டு போவார்கள். இவர் பின்னால் நின்றுகொண்டு எந்தப் பலகை ஆடுகிறது, எந்தக் கொக்கி சத்தம் போடுகிறது என்று கேட்டுக்கொண்டே போவார்.

"ஏனுங்க, காலி வண்டிய எதுக்கு ஓட்டிப் பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"இது தெரியாதா? நாளைக்கு லோடு ஏத்துனா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்தார். குழந்தை மூலையில் செப்புச் சாமானை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. அவர் மேலே சாப்பிடவில்லை, இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

யாரும் காலி வண்டியைச் சும்மா ஓட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் ஜில்லாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அவர்கள் எதை ஏற்றப் போகிறார்கள்? யாருக்காக ஏற்றப் போகிறார்கள்? எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. காலி என்று சொல்கிறார்களே, அது காலிதானா? ஒரு முறை பொய் சொன்னவர்கள் இன்னொரு முறை சொல்ல மாட்டார்களா? என் மகளின் உடம்புக்குள் என்ன போயிற்று?

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுவாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, நாமக்கல்லில் இருந்த அவர்கள் ஆபீசுக்குப் போனேன். ஆரத்தித் தட்டில் காசு போட்ட அதே பெரிய ஆபீசர்தான். என்னை உட்காரச் சொன்னார், குழந்தைக்குப் பிஸ்கட் வரவழைத்தார். ரோஸ் பொடி ஒட்டிய கொசு ரத்தம் குடித்திருந்ததைச் சொன்னேன்.

"ஏம்மா, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. ஆண் கொசு கடிக்காதும்மா. இது சயின்ஸ்" என்றார்.

"ஆண் கொசு கடிக்காதுன்னு எனக்கும் தெரியும் சார். அதனாலதான் வந்திருக்கேன்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். "ஊர்ல யார் யாரோ எதையாவது சொல்வாங்க. உங்ககிட்ட யார் சொன்னது?" என்று கேட்டார். குரல் அப்படியே இருந்தது, கண்தான் மாறிவிட்டது. கொசுத்தம்பியின் பெயரை எதிர்பார்க்கிறார் என்று புரிந்தது. யாரும் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். எங்கே காட்டுங்கள் என்றார். என் இடது கையைத்தான் காட்ட முடிந்தது, சுத்தமாக இருந்தது. நான் அடிபம்பில் கை கழுவினேன் என்றால் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எங்கள் விஷயத்தில் கை கழுவிவிட்டார்கள். பிஸ்கட்டைத் தின்றுகொண்டே வந்த மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். ஆத்திரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அதற்குப் பிறகு சில மாதத்தில் என் கணவர் டீக்கடையிலிருந்து ஒரு பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். டெல்லிப் பக்கம் நடக்கிற இதே மாதிரியான ஒரு கொசுத் திட்டத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதற்கு வருகிற பணம் வெளிநாட்டுப் பணமாம். கொசு எவ்வளவு தூரம் போகும், எத்தனை பேரிடம் போய்ச் சேரும் என்ற விவரம், நோயை ஆயுதமாக வைத்துச் சண்டை போட நினைக்கிறவனுக்குத்தானே உதவும் என்று கேட்டிருந்தார்கள். அப்படி எதுவும் கிடையாது, ஜனங்களின் நன்மைக்காகத்தான் செய்கிறோம் என்பது பதில். எங்கள் ஊரில் நடந்ததும் அதுவும் ஒரே திட்டமா, வேறு வேறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிருமியை வைத்து யுத்தம் செய்வார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். யுத்தம் என்றால் துப்பாக்கி, விமானம் என்றுதானே நினைத்திருந்தேன்? ரசஞ்சோறு ஊட்டுகிற நேரத்தில் வாசலுக்கு வந்து குழந்தையின் கன்னத்தில் உட்காரும் என்று யார் கண்டது?

ஊரில் கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் எல்லாரையும் பார்த்து, "கொசு கொறஞ்சுதா, இல்லையா?" என்று கேட்டார். குறையவில்லை என்றார்கள். "அப்பறம் என்ன? அவங்க வேலையே உருப்படலைன்னு அர்த்தம். உருப்படாத வேலைக்கு எதுக்குப் பயப்படறீங்க?" என்று முடித்துவிட்டார். மாலை போட்டவர் வேறு எப்படிப் பேசுவார்? ஆரத்தி எடுத்த பக்கத்து வீட்டுக்காரி மட்டும் என் வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அந்த வாரத்திலேயே திட்டத்தை மூடிவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்தது, கூண்டுகளை ஊருக்கு வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். கொசுத்தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். "போயிட்டு வாரனுங்கக்கா" என்றான். குழந்தையைத் தூக்கினான், நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். பாசத்தில் தடவுகிறான் என்று நினைத்தேன். அவனைத் திட்ட நினைத்திருந்தேன், அதற்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை எப்படிச் சொல்வது? பிள்ளை வளர்த்த எல்லா அம்மாவும் காய்ச்சலுக்குப் பயப்படுவாள். எனக்கு அந்தப் பயத்துக்குள் இன்னொரு பயம் இருந்தது. மகளுக்கு உடம்பு சுட்டால் உடனே சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஒரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொடி தூவிய கொசு என்றதும் அவர் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் இவங்களுக்குத் தூக்கமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்டார். அன்றோடு யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். சொந்தக்காரர்கள் மத்தியில் ஏற்கெனவே எனக்குக் கொசுப் பைத்தியம் என்று பெயர் வந்திருந்தது. மகள் பெரியவளானாள். நன்றாகத்தான் இருந்தாள். நன்றாக இருக்கிறவளையே பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது என் பைத்தியம் என்று நானே நம்பத் தொடங்கினேன். அவளுடைய படிப்புக்காக நாமக்கல்லுக்கே குடிவந்தோம்.

எண்பதுகளின் பின்பாதி. நாமக்கல் நூலகத்தில் ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே பெரிய வல்லரசு என்று சொல்லிக்கொள்கிற நாடு, தன் சொந்த ஊர்களின் மேலேயே கிருமியைத் தெளித்துப் பார்த்திருக்கிறது என்று ஒரு கட்டுரை. கடற்கரை நகரம் ஒன்றின் மேல் கப்பலிலிருந்து காற்றில் விட்டிருக்கிறார்கள். பூமிக்கடியில் ஓடுகிற ரயில் நிலையத்தில், ஜனங்கள் நடந்துபோகிற நேரத்தில் விட்டிருக்கிறார்கள். அந்த ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருஷக்கணக்காக மூடி வைத்திருந்து, பிறகு அந்த அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. எதற்காக என்றால், எதிரி நாளைக்குத் தெளித்தால் எவ்வளவு தூரம் பரவும் என்று தெரிந்துகொள்வதற்காகவாம்.

சொந்த ஜனங்கள்! அயலூர்க்காரர்களான எங்களை எவனோ சோதித்தான் என்று இத்தனை நாள் ஆத்திரப்பட்டிருந்தேன். தன் ஊரில், தன் பிள்ளைகள் நடமாடும் தெருவில் செய்கிறவனுக்குப் பரமத்தி வேலூரில் ஒரு குழந்தையின் கன்னம் எம்மாத்திரம்? அவர்கள் தெளித்த கிருமிகளில் ஒன்று சிவப்பு நிறம் காட்டும் கிருமியாம். எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கச் சுலபம் என்று அதை எடுத்தார்களாம். அது யாருக்கும் தீங்கு செய்யாத கிருமி என்று அப்போது சொல்லியிருக்கிறார்கள். பிறகு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சிலருக்கு அதே கிருமி கண்டிருக்கிறது, ஒருவர் செத்தும் போயிருக்கிறார். அவர் குடும்பம் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது என்று எழுதியிருந்தார்கள்.

தீங்கு செய்யாத கிருமி. காலிக் கொசு. பத்திரிகையை மூடிவிட்டு வெளியே வந்தேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான். காலி என்று கொசுத்தம்பிக்கு எப்படித் தெரியும்? அவன் கண்ணால் பார்த்தானா, சோதித்துப் பார்த்தானா? பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், நான் மிச்ச நாளை நிம்மதியாகக் கழித்துவிடுவேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சேலம் பஸ் ஏறி ராசிபுரத்தில் இறங்கினேன்.

அவன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்துக்கொண்டு போனேன். தறிச் சத்தம் கேட்கிற சந்து. வாசலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. நிழல் தட்டி நிமிர்ந்தவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். தாள்கள் மடியிலிருந்து சரிந்து விழ எழுந்து நின்றான்.

எங்கள் பக்கத்தில் எதிரியே படியேறி வந்தாலும் முதலில் வாங்க என்றுதான் சொல்வோம். அவன் வாங்க என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவில்லை.

"பாப்பாளுக்கு என்னாச்சுங்கக்கா?" என்றான்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. பத்தாவது படிக்கறா" என்றேன்.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். வேட்டி நுனியை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் என்றும் பார்க்காமல் விசும்பி விசும்பி அழுதான். உள்ளேயிருந்து அவன் மனைவி ஓடிவந்து என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க ஊட்டுல இருந்து ஆராச்சும் வந்தா அதச் சொல்லத்தான் வருவாங்கன்னு நெனச்சுட்டே இருந்தனுங்கக்கா, இத்தன வருசமும்" என்று முகத்தை எடுக்காமலே சொன்னான்.

கேட்க வந்த கேள்வியை நான் கேட்கவே இல்லை. காலி என்று அன்று எனக்குத் தைரியம் சொன்னவன், அதை ஒரு நாள்கூட நம்பியிருக்கவில்லை.